முக்காடு வரைந்த கோடு

இரண்டு ஆண்கள், ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டிராதவர்கள், இரண்டு வருட இடைவெளியில் வந்து அச்சு அசலாக ஒரே பேச்சைப் பேசினால், இருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். டாக்டர் சுகந்திக்கு இதில் துளியும் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு.

புலிக்கரடு தாலுகா ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர். ஐயாயிரம் குழந்தைகளாவது அவர் கையில் பிறந்திருக்கும். அதைப் பற்றி அவர் பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. அவர் பெருமையெல்லாம் பிடித்துக் கொடுத்த ஆட்களைப் பற்றித்தான். வயிற்றில் இருப்பது பெண் என்றால் கலைத்துவிடலாம் என்ற நினைப்போடு ஒருவன் வாசற்படி ஏறும்போதே டாக்டரம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அப்படி மாட்டியவர்கள் பதினோரு பேர். பதினோராவது ஆள் குமரவேல். அவன் ரிமாண்டில் இருக்கும்போதே அவன் மனைவி சௌமியா, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டவேலை பார்க்கும் அம்மா வீட்டில் செத்துப்போனாள். அன்றைக்கே எரித்தும் விட்டார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்து எங்கோ கலைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று போலீஸ் எழுதியது. எல்லாம் சேர்த்து அவனுக்கு ஒன்பது வருடம். அந்த வழக்குக்காகச் சுகந்திக்குக் கொடுத்த கேடயம் ஸ்கேன் அறையில் ஃபேன் சுவிட்சுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

அந்தக் கேடயத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நவநீதன் என்ற பம்ப்செட் மெக்கானிக் வாயைத் திறந்தான்.

“டாக்டரம்மா, கொழந்த அசையும்போதெல்லாம் அவளுக்கு உசுரு போற மாதிரி வலிக்குதுங்க. தோலுக்குக் கீழயே காலு தட்டுப்படுதுங்க. அந்த முக்காட்ட எடுத்துட்டு ஒருதடவ பாத்துச் சொல்லுங்க.”

சுகந்தி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். குமரவேல் சொன்னதும் இதுதான். வரிக்கு வரி இதுதான்.

முக்காடு என்பது ஊர் வைத்த பெயர். சட்டத்தில் அதற்கு மறைத்திரை என்று பெயர். ஸ்கேன் கருவிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு மென்பொருள். குழந்தையின் இடுப்புப் பக்கம் வந்தால் அந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் படத்தைத் திரைக்கு அனுப்பும். ஆரம்பத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தது. நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? கட்டத்தின் அளவைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லும் புரோக்கர்கள் ஆறே மாதத்தில் முளைத்துவிட்டார்கள். அப்போதுதான் மாநிலக் குழுவில் சுகந்தி எழுந்து, “மறைச்ச இடம் எதுன்னே தெரியக் கூடாது. பாக்கற டாக்டருக்கே தெரியக் கூடாது” என்று பேசினார். குழு கைதட்டியது. அதன் பிறகு வந்த முக்காடு கட்டம் போடுவதில்லை. பல லட்சம் சாதாரணக் கர்ப்பங்களைப் பார்த்துப் பழகி, அந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதைத் தானே வரைந்து நிரப்பிவிடும். அசல் படம் எங்கேயும் சேமிக்கப்படாது. முக்காட்டை எடுக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்டாலே குற்றம். கேட்டவர் மேல் டாக்டர் அன்றைக்கே புகார் அனுப்ப வேண்டும், அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற முடியாது. காலில் விழுந்தோ கத்தியைக் காட்டியோ வாபஸ் வாங்க வைத்துவிடுவார்கள் என்று அந்த விதியைச் சேர்க்கச் சொன்னதும் சுகந்திதான்.

“யாரு உன்ன இப்படிக் கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்களே.”

“குமரவேல்னு யாரையாவது தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“ஏற்கெனவே ரெண்டு பொண்ணு, இல்ல?”

“ஆமாங்க. பெரியவ ரெண்டாவது படிக்கிறா.” அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கேள்வி எதற்கு என்று புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி நடிக்கிறான். நடிக்கிறான் என்றே சுகந்தி எடுத்துக்கொண்டார்.

கட்டிலில் படுத்திருந்த கனிஷ்கா தலையைத் தூக்கினாள். இருபத்தேழு வயது, எட்டாவது மாதம், கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு. “நான்தாங்க அவரக் கேக்கச் சொன்னேன். மொத ரெண்டும் உள்ள இருந்துச்சுங்க. இது என்னமோ வெளிய இருக்கற மாதிரி இருக்குது.”

“வெளியன்னா?”

“எனக்குச் சொல்லத் தெரியலீங்க.”

சொல்லிக் கொடுத்தவன் அதுவரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார் சுகந்தி. ஸ்கேன் திரையில் படம் காலண்டர் படம்போலத் தெளிவாக இருந்தது. மேலே குழந்தையின் தலை, கீழே பிட்டம், அதற்கும் மூத்திரப்பைக்கும் நடுவில் கருப்பையின் சுவர் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. கருவி தானே எழுதும் அறிக்கையும் வந்துவிட்டது. கருப்பைக்குள் ஒற்றைக் குழந்தை, வளர்ச்சி இயல்பு.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“மீட்டர் நல்லாக் காட்டுதுங்க டாக்டரம்மா. மோட்டார் ஓடமாட்டேங்குது,” என்றான் நவநீதன். “எங்க வேலைல அப்படி வந்தா மொதல்ல மீட்டரத்தான் சந்தேகப்படுவோம்.”

“இது மோட்டார் இல்ல. வெளிய போய் உக்காருப்பா.”

நல்ல கெட்டிக்காரத்தனமான பேச்சு. அதுதான் அவரை இன்னும் உஷாராக்கியது. கதவைச் சாத்திவிட்டுப் புகார்ப் படிவத்தைத் திறந்தார். சந்தேகத்துக்குக் காரணம் என்ற இடத்தில் அவன் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் தட்டச்சு செய்தார். குமரவேல் வழக்கில் சொல்லப்பட்ட அதே வார்த்தைகள், ஒரே புரோக்கராக இருக்கலாம் என்று கீழே சேர்த்தார். ‘அனுப்பினால் திரும்பப் பெற முடியாது. உறுதிதானா?’ என்று படிவம் கேட்டது. ஆம் என்பதை அழுத்திவிட்டு நிமிர்ந்தால், கட்டில் பக்கம் நர்ஸ் மும்தாஜ் இன்னும் கனிஷ்காவின் வயிற்றில் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

“மேடம், ஒருதடவ கை வெச்சுப் பாருங்க.”

“என்ன மும்தாஜ்?”

“குதிகால் மேடம். ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சிட்டேன். விரலக்கூட எண்ணிடலாம் போல.”

“ஒல்லியான பொண்ணு, மூணாவது பிரசவம். வயிறு தளந்திருக்கும்.”

“இருபது நிமிஷமா வெச்சிருக்கேன். ஒருதடவகூட வயிறு இறுகல மேடம்.”

சுகந்திக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? மும்தாஜுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான். பன்னிரண்டு வருடமாகக் கூடவே வேலை பார்க்கிற பெண், ஒரு நாள்கூட ஒரு பொய் சொன்னதில்லை. அவரையும் ஒரு கணம் அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டார். சந்தேகம் பிடித்துவிட்டால் யாரைத்தான் விடும்?

பொய்யை உடைத்துவிடலாம் என்றுதான் போய்க் கையை வைத்தார். கருப்பை என்பது தசை. எட்டாவது மாதத்தில் அவ்வப்போது தானாக இறுகிக் கல்லாகித் தளரும். கை வைத்தால் தெரியும், தொட்டுத் தேய்த்தால் இன்னும் இறுகும். தேய்த்தார், காத்திருந்தார். ஒன்றுமில்லை. திடீரென்று குழந்தை புரண்டது. அவர் உள்ளங்கையை ஒரு கால் வழுக்கிக்கொண்டு கடந்தது. நடுவில் ஒரு தசை இருப்பதாகவே தெரியவில்லை, தோல் மட்டும்தான். கனிஷ்கா பல்லைக் கடித்தாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வலி மாதிரி கத்த யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம், வேர்க்கச் சொல்லிக் கொடுக்க முடியாது.

“மும்தாஜ், ஸ்கேன மறுபடி போடுங்க.”

இந்த முறை ஒரு கை வயிற்றில், கண் திரையில். கால் வந்து முட்டியதை உள்ளங்கை உணர்ந்தது. திரையில் அந்த வெள்ளைக் கோடு அசையவில்லை. அவ்வளவு பெரிய உதை விழுந்தால் சுவர் கொஞ்சமாவது நெளிய வேண்டாமா? கனிஷ்காவை எழுப்பி மூத்திரம் போய்விட்டு வரச் சொன்னார். மூத்திரப்பை சுருங்கியது, கோடு அப்படியே இருந்தது. அளந்தார். நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். போன மாதப் படத்தை எடுத்தார். நான்கு புள்ளி இரண்டு. காலையில் முதலாவதாக வந்த பெண்ணுக்கும் குழந்தை இதே மாதிரி பிட்டம் கீழாகத்தான் இருந்தது. அவள் நல்ல பருமன், தலைப்பிரசவம், ஆறாம் மாதம். அவள் படத்தையும் எடுத்து அளந்தார். அதே நான்கு புள்ளி இரண்டு.

“ரெண்டு பொம்பளைங்களுக்கு எப்படி மேடம் ஒரே மாதிரி?” என்றார் மும்தாஜ். “இந்தக் கோடு யாரோடது?”

“யாரோடதும் இல்ல,” என்றார் சுகந்தி. “முக்காடு வரையுது. பிட்டத்த மறைக்கும்போது பக்கத்துல இருக்கற சுவரையும் சேத்து மறைச்சிடுது.”

வயிற்றிலிருந்து கருவியை எடுத்துக் கீழே வைத்தார். எங்கே மறைத்தோம் என்று டாக்டருக்கே தெரியக் கூடாது என்று கேட்டவர் அவர்தான். கேட்டபடியே செய்து கொடுத்திருக்கிறார்கள். கருப்பைக்கு வெளியே குழந்தை இருக்கும் படத்தை அது பல லட்சத்தில் எத்தனை பார்த்திருக்கும்? பார்க்காததை அதற்கு வரையத் தெரியாது. அதனால் இல்லாத சுவரைப் போட்டு எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது.

எக்ஸ்ரேவுக்கு முக்காடு கிடையாது. எலும்பைப் பார்த்து யாரும் ஆணா பெண்ணா சொல்ல முடியாது என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

“மாசமா இருக்கற பொண்ணுக்கு எக்ஸ்ரேயா?” எக்ஸ்ரே அறை சார்லஸ் கையைக் கட்டிக்கொண்டார். “எழுதிக் குடுங்க மேடம். நாளைக்கு என் தலைல விழும்.”

“எழுதித் தரேன். பக்கவாட்டுல எடுங்க.”

படம் வந்தது. கனிஷ்காவின் முதுகெலும்பு படிப்படியாகத் தெரிந்தது. அதன் மேலேயே குழந்தையின் ஒரு கையும் சில விலா எலும்புகளும் குறுக்காகக் கிடந்தன. சார்லஸ் எட்டிப் பார்த்தார்.

“இதுல என்ன மேடம் இருக்கு?”

“கருப்பைக்குள்ள இருக்கற கொழந்த இவ்வளவு பின்னாடி போகாது சார்லஸ். அம்மாவோட முதுகெலும்புக்கு முன்னாடியே நின்னுடும். இது குடலோட குடலாக் கெடக்கு.”

வெளியே பெஞ்சில் நவநீதன் கைவிரல்களின் கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுகந்தி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் இப்படி உட்கார்ந்து மும்தாஜ் பார்த்ததில்லை.

“நீ சொன்ன மாதிரி மீட்டர்தாம்ப்பா தப்பு. கரு கருப்பைக்குப் போய்ச் சேராம, வழியிலேயே தவறி வயித்துக்குள்ள விழுந்து, அங்கயே ஒட்டி வளந்திருக்கு. ஆயிரக்கணக்குல ஒருத்தருக்கு இப்படி ஆகும்.”

“கொழந்த உசுரோட இருக்குதுங்களா?”

“இருக்கு. எனக்கு இப்ப பயம் நஞ்சுக்கொடியப் பத்தித்தான். கருப்பைல ஒட்டியிருந்தா, கொழந்த பொறந்ததும் கருப்பை சுருங்கி ரத்தத்த நிறுத்திடும். இது குடல்ல ஒட்டியிருக்கலாம். குடலுக்கு அப்படிச் சுருங்கத் தெரியாது. பிச்சு எடுத்தா ரத்தம் நிக்காது.”

“தானாப் பிஞ்சுக்கிட்டா?”

“வெளிய ஒரு சொட்டுகூட வராது. எல்லாம் வயித்துக்குள்ளயே எறங்கும். வீட்ல இருந்தா அரை மணி நேரம்தான்.”

சொல்லி முடித்ததும் அவருக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று யோசிக்க நேரமில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அறுவை நிபுணர் இளம்பரிதியைப் பிடித்து, ரத்தம் எட்டு யூனிட் எடுத்து வைக்கச் சொல்லி, ஆம்புலன்ஸை வாசலுக்கு வரவழைத்தார். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது.

புகார் போய் ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இவ்வளவு சுறுசுறுப்பாக வர வேண்டும் என்று குழுவில் கேட்டு வாங்கியதும் இவர்தான், வேறு யார்!

“நான்தான் சார் அனுப்பினேன். தப்பா அனுப்பிட்டேன்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டரிடம். “அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன். இவர் கூட இருக்கணும்.”

“மேடம், வாபஸ் கெடையாதுன்னு உங்களுக்குத் தெரியாததா? போன வருஷம் எங்களுக்கு டிரெய்னிங் குடுத்ததே நீங்கதான்.” சப்-இன்ஸ்பெக்டர் பாவம், உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். “ஜட்ஜுகிட்ட வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் இவர நான் கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும்.”

ஸ்டிரெச்சரில் படுத்தபடி கனிஷ்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “உங்களத்தானே நம்பி வந்தோம் டாக்டரம்மா,” என்றாள். திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது சுகந்திக்கு.

நவநீதன் ஜீப்பில் ஏறும்முன் திரும்பினான். “அவகூட நீங்க போவீங்களாங்க?”

“போறேன்.”

“அப்பச் சரிங்க,” என்று ஏறிக்கொண்டான்.

அறுவை சிகிச்சை மூன்றரை மணி நேரம் நடந்தது. வயிற்றைத் திறந்ததுமே குழந்தை கண்ணுக்குத் தெரிந்தது, மேலே சவ்வு மட்டும். காலிக் கருப்பை கீழே ஓரமாக, ஒரு சின்ன மாங்காய் அளவுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. நஞ்சுக்கொடி குடலிலும் கருப்பையின் பின்பக்கத்திலும் படர்ந்திருந்தது. இளம்பரிதியின் கை அதன் பக்கம் போனது.

“தொடாதீங்க டாக்டர்,” என்றார் சுகந்தி. “தொப்புள்கொடிய ஒட்ட வெட்டிக் கட்டிட்டு, நஞ்சுக்கொடிய அப்படியே விட்டுடலாம். மெல்ல மெல்லக் கரையட்டும். சீழ் புடிச்சா அப்புறம் பாத்துக்கலாம், இப்ப ரத்தம் போச்சுன்னா பாத்துக்க ஆளே இருக்காது.”

அப்படியே விட்டார்கள். குழந்தையைச் சுற்றிப் பனிக்குட நீர் போதாமல் ஒரு பாதம் உள்ளே மடங்கியிருந்தது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் அழுகை மட்டும் ஊரைக் கூட்டியது. மாலையில் மும்தாஜ் போன் செய்தார்.

“அல்லா காப்பாத்தினான் மேடம். ரிஜிஸ்டர்ல எழுதணும். என்ன கொழந்த?”

அதுவரை சுகந்தி அதைக் கவனிக்கவில்லை. பார்க்கவே தோன்றவில்லை அவருக்கு. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பொண்ணு” என்றார்.

ஒன்பதாவது நாள் நீதிபதி நவநீதனை விடுவித்தார். அதற்கு அடுத்த வாரம் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். முக்காட்டைத் திருத்தச் சொல்லி ஆணை போயிருக்கிறது, அதுவரை பிட்டம் கீழாக இருந்தால் எக்ஸ்ரேயும் எடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, சும்மா ஒரு வழக்கத்துக்காக, “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது தவறியிருக்க வாய்ப்பிருக்கா டாக்டர்?” என்று கேட்டார்.

“அசல் படம் ஒண்ணுமே இல்லியே. எப்படிச் சொல்றது?”

“அதானே,” என்று அவர் கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சுகந்தி ஸ்கேன் அறைக்கு வந்தார். புழுக்கமாக இருந்தது. ஃபேன் போடலாம் என்று சுவிட்சுக்குக் கை நீட்டியபோது கேடயம் கண்ணில் பட்டது. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு நெருடியது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குமரவேலின் கோப்பை எடுத்தார். சௌமியாவின் ஸ்கேன் படங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் அந்தக் கோடு. அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, அது எல்லோர் படத்திலும் இருப்பதுதான். அடுத்தது சௌமியாவின் அம்மா கோர்ட்டில் கொடுத்த சாட்சியம். ‘ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை அய்யா. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் என் மகள் வெளுத்துப்போய்விட்டாள்.’ கலைப்பை மறைக்கச் சொன்ன பொய் என்று அதன் ஓரத்தில் பச்சை மையில் யாரோ குறித்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அது அவருடைய கையெழுத்துத்தான். அரசுத் தரப்பு கருத்துக் கேட்டபோது அவரே எழுதிக் கொடுத்தது.

கடைசியில் இருந்தது அவருடைய புகார். சந்தேகத்துக்குக் காரணம் என்ற இடத்தில், அன்றைக்கும் ஒன்று விடாமல்தான் தட்டச்சு செய்திருந்தார். ‘கொழந்த அசையும்போதெல்லாம் அவளுக்கு உசுரு போற மாதிரி வலிக்குதுங்க. தோலுக்குக் கீழயே காலு தட்டுப்படுதுங்க.’ சௌமியாவுக்கு என்ன நோய் என்று உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே மருத்துவக் குறிப்பு அதுதான். குற்றச்சாட்டு என்று நினைத்துக்கொண்டு அவர் எழுதி வைத்த குறிப்பு.

புரோக்கர் என்று ஒருவன் இருந்ததே இல்லை. இரண்டு ஆண்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள், ஏனென்றால் இரண்டு பெண்களுக்கும் ஒரே இடத்தில் வலித்தது.

“மேடம், வெளிய எட்டுப் பேர் காத்திருக்காங்க. அனுப்பட்டுங்களா?” மும்தாஜ் கதவில் தலையை நீட்டினார்.

“அஞ்சு நிமிஷம் மும்தாஜ்.”

புகார்ப் படிவத்தைத் திறந்தார். யார் மீது என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதினார், பதவியையும் ஆஸ்பத்திரி முகவரியையும் சேர்த்தார். பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் சௌமியா, குமரவேல். காரணம் என்ற இடத்தில் குமரவேலின் இரண்டு வாக்கியங்களையும் சௌமியாவின் அம்மா கொடுத்த சாட்சியத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினார். குமரவேல் சிறைக்குள் போய் அன்றோடு எத்தனை நாள் என்று கணக்குப் போடப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

‘அனுப்பினால் திரும்பப் பெற முடியாது. உறுதிதானா?’ என்று படிவம் கேட்டது.

சுகந்தி ஆம் என்பதை அழுத்தினார். பிறகு சுவரிலிருந்து கேடயத்தைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, முதல் ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுகந்தி ஸ்கேன் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“எங்கம்மா வலிக்குது? சொல்லு.”